மைமூனா என்ற கனமான பேர்

கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய்ச் சீவல்கள் மொத்தமாக விழும்போது முதலில் ஒரு பெரிய இரைச்சல் கிளம்பும். சட்டியைச் சுற்றி நிற்பவர்கள் பேசுவது எதுவும் கேட்காது. பிறகு காய் வேக வேக இரைச்சல் மெலிந்து, மஞ்சள் கலந்த உப்புத்தண்ணீர் தெளித்ததும் ஒருமுறை சீறி, சின்னக் குமிழிச் சத்தமாகி, கடைசியில் ஏறக்குறைய நின்றுபோகும். அந்த இடத்தில் கரண்டியை விட்டு அள்ளினால் சிப்ஸ் சரியான பதத்தில் இருக்கும். எங்கள் வாப்பா நிறத்தைப் பார்த்து எடுத்தவர் இல்லை, காதால் எடுத்தவர். ஐந்தருவி ரோட்டில் அவரைப்போல் காதால் சிப்ஸ் எடுப்பவர் வேறு யாரும் கிடையாது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட காது உள்ள மனிதருக்கு, இரண்டடி தள்ளி நின்று பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த மகளின் காது ஒன்று செத்துக்கொண்டிருந்தது தெரியவில்லை.

என் இடது காது முப்பத்தெட்டு வருடங்களாக ஓர் அலங்காரப் பொருள். அதில் கம்மல் போட்டிருக்கிறேன். வேறு உபயோகம் இல்லை. அது போனதற்குக் காரணம் என் பேர் என்று எங்கள் குடும்பத்தில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பேச்சில் ஒன்றுக்கும் ஆகாதவள், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள், நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறவள். ஆகவே இத்தனை வருடமும் அவர்கள் நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு தென்காசியில். ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் வாப்பா குற்றாலத்துக்குப் போய் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் கட்டி "சீசன் கடை" போட்டுவிடுவார். சனி, ஞாயிறுகளில் உம்மாவும் நானும் போவோம். சாரல் ஒரு பக்கம் நனைக்க, அடுப்பு ஒரு பக்கம் சுட, நான் தாளைச் சுருட்டி அடியை மடித்து அடுக்கிக்கொண்டிருப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பேர் மைமூனா.

அந்தப் பேரை வைத்தது வாப்பா. எங்கள் தெருவில் எங்கு கல்லெறிந்தாலும் ஒரு பாத்திமா மேல் விழும். அதனால் ஒரு மீலாது விழாப் பயானில், மார்க்கச் சொற்பொழிவில், கேட்ட பேரை மறக்காமல் மனதில் வைத்திருந்து எனக்கு இட்டார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியரில் ஒருவருடைய பேர் அது என்பதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. அர்த்தம் என்ன, அதிர்ஷ்டக் கல் என்ன என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. தெருவில் "மைமூ" என்றார்கள், பள்ளிக்கூடத்தில் முழுசாகச் சொன்னார்கள், நான் திரும்பினேன். பேர் என்பதன் வேலை அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஆனி மாதம் அருவியில் தண்ணீர் அதிகம். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் தலையில் கல்லைக் கொட்டுகிறமாதிரி விழும். எனக்குச் சளி பிடித்திருந்தது. அருவியில் நின்றால் சளி போய்விடும் என்று உம்மா சொன்னாள். குற்றாலத்தில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து, அருவியால் வந்த நோய்க்கும் அருவிதான் மருந்து. இடது பக்கமாகச் சாய்ந்து நின்றேன். தண்ணீர் காதில் அறைந்தது. உள்ளே ஏதோ பட்டென்று தெறித்து, ஒரு வலி கண்வரை ஓடிப் பிறகு அடங்கிவிட்டது. வெளியே வந்து ஒற்றைக்காலில் குதித்தேன். காதுக்குள் போன தண்ணீர் வெளியே வந்ததுபோலவும் வராததுபோலவும் இருந்தது. அதற்கு அடுத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து உலகம் பஞ்சு வைத்து அடைத்ததாகிவிட்டது.

இதை உடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வலித்தால் சொல்லலாம், ரத்தம் வந்தால் காட்டலாம். கேட்காமல் போனது ஏதோ நான் செய்த தப்பு மாதிரி இருந்தது. எண்ணெய் இரைச்சலிலும் ஜனங்களின் கூச்சலிலும் இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. காலையில் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் எழுப்பவும் முடியாது. முதல் வாரம் "கவனமில்லை" என்றார்கள். இரண்டாம் வாரம் "திமிர்" என்றார்கள். மூன்றாம் வாரம் புளியங்குடியிலிருந்து மாமி வந்தார்.

மாமி என்றால் வாப்பாவின் அக்கா. எலுமிச்சை மண்டி வைத்திருந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வந்தால் எங்கள் வீட்டில் நாற்காலி நகரும், உம்மாவின் குரல் இறங்கும், வாப்பா சட்டை போட்டுக்கொள்வார். குளிக்க வந்த மாமி கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, என்னை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் மடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"ஏட்டி, தொண்ட வத்திப் போச்சு எனக்கு. மகாராணி திரும்புதாளா பாரு" என்று முதுகில் ஒன்று வைத்தபோதுதான் திரும்பினேன்.

"இப்பம்லாம் இப்படித்தான் இருக்கா மைனி. ஒலகத்துலயே இல்ல" என்றாள் உம்மா.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். டாக்டரைவிட வேகமாகக் கண்டுபிடித்து உம்மாவிடம் சொன்னார்.

"பிள்ள மேல தப்பில்ல ஜமீலா. பேரு மேலதான் தப்பு. நபியோட பெஞ்சாதி பேருல்லா அது? சிப்ஸ் வறுக்கவன் மவ தாங்குவாளா? பேரு கனம். பிள்ளய அமுக்குது. அதான் அந்தப் பேரச் சொன்னா உள்ள ஏறல."

எங்கள் பக்கத்தில் இது ஒரு நம்பிக்கை. பிள்ளை தேறவில்லையா, அடிக்கடி காய்ச்சலா, படிப்பு ஏறவில்லையா, "பேரு கனம்" என்று சொல்லிவிட்டு வேறு பேர் வைப்பார்கள். அரிசி மூட்டைக்கு இருப்பதுபோல் பேருக்கும் எடை உண்டு, அதைத் தூக்கத் தோள் வேண்டும் என்பது கணக்கு. மாமியின் சொந்த மகள் பேர் ஆயிஷா. அதுவும் நபியவர்களின் துணைவியார் பேர்தான். எலுமிச்சை மண்டிக்காரர் மகளுக்கு அது கனக்கவில்லை. இந்தக் கேள்வி அன்று என் ஒன்பது வயது மூளையில்கூட எழுந்தது. பெரியவர்கள் யாருக்கும் எழவில்லை, அல்லது எழுந்ததை மாமிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்றவர் மேலகரத்துக்காரர், பட்டாளத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எல்லாருக்கும் பட்டாளத்து அண்ணாச்சி. இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர், மறுநாள் நான் தனியாக இருந்தபோது பின்னால் வந்து என் தலைக்கு இரண்டு பக்கமும் சொடக்குப் போட்டார். அப்புறம் நேராக வாப்பாவிடம் போனார்.

"பாய், பிள்ளைக்கு எடது காது கேக்கல. நாலு தடவ பாத்துட்டேன். ரைட்டுல சொடக்குனா திரும்புதா, லெப்ட்டுல சொடக்குனா கல்லு மாதிரி நிக்கா. பேரும் இல்ல, ஊரும் இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போம்."

"சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்றார் வாப்பா.

இதைக் கேட்ட மாமி, அவர் காதில் விழும்படியே, "துப்பாக்கி தொடச்ச மனுசனுக்குப் பிள்ளைங்க நோவு தெரியுமாக்கும்" என்றார். பட்டாளத்து அண்ணாச்சி சிரித்துக்கொண்டு, "தொடச்சது துப்பாக்கி இல்ல தாயி, புண்ணு. சீழ்ப்புண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் பழத்துக்குத் திரும்பிப் போனார். அன்று அந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஒரே மனிதர் அவர். அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளாததற்குக் காரணம், அதில் செலவிட வேண்டியது ஒரு காலைப்பொழுது என்பதும், மர்மம் ஒன்றும் இல்லை என்பதும்தான். மர்மம் இல்லாத வைத்தியத்தை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமி தன் ஊரிலிருந்து, ஓதிப் பேர் மாற்றி வைக்கிற "பேர் லெப்பை"யைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு வேறு பேர் இருந்திருக்கும். ஊருக்கே பேர் மாற்றியவரின் சொந்தப் பேர் யாருக்கும் தெரியாமல் போனதில் எனக்கு ஒரு திருப்தி. வெள்ளை ஜிப்பா, பச்சைச் சால்வை, அத்தர் வாசம், அதற்கு அடியில் வெற்றிலை வாசம். உம்மா நெய்ச்சோறும் கோழியும் ஆக்கியிருந்தாள். அவர் முதலில் அதை முடித்தார். தொடை எலும்பைச் சப்பிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார், அதுதான் பரிசோதனை. கை கழுவி வந்து, ஒரு சிலேட்டில் என் பேரின் எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதி, கூட்டி, வகுத்து, எச்சில் தொட்டு அழித்து, மறுபடி கூட்டினார்.

"சின்னப் பிள்ள தூக்குற கனமா இது? ஆன தூக்குற கனம்" என்றார்.

உம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வாப்பா, தானே அந்த யானைக் கனத்தை என் தலையில் ஏற்றியவர் என்பதால், சுவரோடு சுவராக நின்றார்.

"லேசான பேரா வைப்போம். நசீமா. காத்துன்னு அர்த்தம், இளங்காத்து. சாரலோட வருதுல்லா, அது மாதிரி. பிள்ள பறந்துரும்" என்றார் லெப்பை. மாமி "மாஷா அல்லாஹ்" என்றார், கோழிக்குச் சொன்னாரோ பேருக்குச் சொன்னாரோ.

பிள்ளை பிறந்ததும் வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்லிப் பேர் கூப்பிடுவது எங்களிடம் வழக்கம். அது நல்ல வழக்கம், அதைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் லெப்பை அதில் தன் சரக்கு ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். "பழைய பேரு எடது காதுலதான் ஒக்காந்திருக்கும். அங்கன வழியாத்தான் எறக்கணும், அங்கன வழியாத்தான் புதுச ஏத்தணும்" என்று சொல்லி, என்னை முன்னால் உட்காரவைத்து, என் இடது காதில் வாயை வைத்தார்.

அவருடைய உதடு அசைவது என் கன்னத்தில் தெரிந்தது. தாடி குத்தியது. சூடான காற்று வந்தது, வெற்றிலை வாசம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. மூன்று தடவை ஓதி மூன்று தடவை ஊதினார் என்று பிறகு உம்மா சொன்னாள். ஊதினது மட்டும் எனக்குத் தெரியும்.

பிறகு அவர் முன்னால் வந்து, என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "கேட்டியா பிள்ள?" என்றார்.

வீடு முழுக்க என்னைப் பார்த்தது. உம்மாவின் கண் நிறைந்திருந்தது. வாப்பா கடையை அன்று மூடிவிட்டு வந்திருந்தார். சீசனில், வெள்ளிக்கிழமையில், எனக்காக. அந்தக் காது கேட்கவில்லை என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு ஆயுசில் வாய்க்கப்போவதில்லை. நான் தலையாட்டினேன்.

"கேட்டுது" என்று தலையாட்டினேன். மாமியையும் லெப்பையையும் எவ்வளவு கேவலமாக நினைக்கிறேனோ அதற்குக் குறையாமல் அந்தத் தலையாட்டலையும் நினைக்கிறேன். பயந்த பிள்ளை என்று யாராவது எனக்கு மன்னிப்புக் கொடுக்க வந்தால், வேண்டாம். கூச்சத்துக்கும் கோழைத்தனத்துக்கும் நடுவில் பெரிய சுவர் ஒன்றும் கிடையாது, எனக்கு இரண்டு அறையும் நன்றாகத் தெரியும்.

லெப்பை என்னைத் தூர நிற்கவைத்து, பின்னாலிருந்து உம்மாவைக் கூப்பிடச் சொன்னார். "நசீமா" என்றாள். திரும்பினேன். வீட்டில் எண்ணெய்ச் சட்டி இல்லை, அருவி இல்லை, நல்ல காது ஒன்று மிச்சம் இருந்தது. அந்த அமைதியில் எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் திரும்பியிருப்பேன், மாமியின் பேரைச் சொல்லியிருந்தாலும். ஆனால் பெரியவர்கள் "பாத்தியளா" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய பேரைச் சொல்லியும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு நடந்தது முழுக்க என் நடிப்பு. கடையில் இடது பக்கத்தைப் பலகைக்குக் கொடுத்து நிற்கப் பழகினேன். வருகிற சத்தமெல்லாம் வலது பக்கமாக வரும். நாலு பேர் திடீரென்று என் முகத்தைப் பார்த்தால் யாரோ என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொண்டேன். "நசீமா" என்று வாப்பா கூப்பிட, நான் உடனே திரும்ப, அவர் கரண்டியை ஓங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே ஒரு சீசன் முழுக்க உழைத்தேன். பட்டாளத்து அண்ணாச்சி மட்டும் ஒருநாள் என் இடது பக்கம் வந்து சொடக்குப் போட வந்தார். நான் அவர் நிழலைப் பார்த்துவிட்டு முன்கூட்டியே திரும்பிச் சிரித்தேன். அவர் "சாமர்த்தியக்காரிதான்" என்று சொல்லி ஒரு மங்குஸ்தானைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

என் புண்ணியத்தில் பேர் லெப்பையின் பேர் தென்காசியில் நாறாமல் மணந்தது. அந்த ஆடிக்குள் எங்கள் தெருவிலேயே மூன்று பிள்ளைகளுக்குக் கனம் இறக்கிவிட்டார். படுக்கையை நனைத்துக்கொண்டிருந்த ஓர் இப்ராஹீம் வேறு யாரோ ஆனான். புதுப் பேரோடும் நனைத்தான். திக்கித் திக்கிப் பேசின ஒரு ஜைனப், புதுப் பேரைச் சொல்லவும் திக்கினாள். ஆனால் "சிப்ஸ் பாய் மவளப் பாருங்க, எப்படித் திரும்புதா" என்று அத்தாட்சிக்கு நான் இருந்தேன்.

ஐப்பசி மழையில் என் தலையணையில் மஞ்சளாக நீர் படிந்தது. வாடை அடித்தது. காய்ச்சல் ஏறி, தாடையைத் திறக்க முடியாமல் போனபோது திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ஜவ்வு முழுக்க அரிச்சிருச்சி, உள்ளயும் போயிருச்சி. நாலு மாசமா என்ன செஞ்சுக்கிட்டு இருந்திய?" என்று கேட்டார். பேர் மாற்றிக்கொண்டு இருந்தோம். சீழ் நின்றது. காது திரும்பவில்லை.

தவறு செய்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்க்கிற வயதில் இருந்தேன். புளியங்குடியிலிருந்து விளக்கம் வந்தது. பழைய பேர் இறங்கிப் போகும்போது கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகுமாம். "உசுர எடுக்காமக் காதோட போச்சே ஜமீலா, ரெண்டு ரக்அத் ஷுக்ராத் தொழு" என்றார் மாமி. உம்மா அந்த நன்றித் தொழுகையையும் தொழுதாள். என்ன நடந்தாலும் தான் சொன்னதே சரியாக வரும்படி பேசுகிற திறமை சிலருக்கு உண்டு. அந்தத் திறமைக்குத்தான் எங்கள் குடும்பத்தில் அறிவு என்று பேர்.

வாப்பா அதற்குப் பிறகு என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. "பிள்ள" என்றார், எப்போதும் வலது பக்கம் வந்து நின்றுகொண்டு.

பள்ளிச் சான்றிதழில் மைமூனா, குடும்ப அட்டையில் நசீமா என்று இரண்டு பேராக வளர்ந்து, கல்யாணம் ஆகி, என் பேரின் அர்த்தம் எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பதுக்குப் பக்கம். பெண்களுக்கு வாரம் ஒருநாள் மார்க்க வகுப்பு எடுத்த ஓர் ஆலிமாவிடம், வாயால் கேட்கக் கூச்சப்பட்டு, துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எல்லாருக்குமாகச் சொன்னார். மைமூனா என்றால் பரக்கத் பெற்றவள், நற்பேறு கிடைத்தவள். வலது பக்கத்துக்கு அரபியில் சொல்கிற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான், நல்லது எதையும் வலத்தால் தொடங்குவதில்லையா, அதைப்போல. நபிகள் நாயகம் (ஸல்) கடைசியாக மணந்த அந்த அம்மையாருக்கு முன்னால் பர்ரா என்று பேர் இருந்ததாம். நல்லவள், பக்தியுள்ளவள் என்ற பொருள். தனக்குத் தானே நற்சான்று கொடுக்கிறமாதிரி பேர் இருக்க வேண்டாம் என்று கருதி மைமூனா என்று மாற்றினார்கள் என்று சொல்லப்படுகிறது.

ஆக, என்னிடமிருந்து பிடுங்கப்பட்டதே ஒரு மாற்றி வைக்கப்பட்ட பேர், அதுவும் மாற்ற உரிமை உள்ளவர்களால், தற்பெருமை வேண்டாம் என்ற காரணத்துக்காக. அந்தப் பேரைத்தான், கோழித் தொடையைக் கையில் பிடித்திருந்த ஒருவர் எடை போட்டார். "பேருக்குக் கனம் என்று மார்க்கத்தில் உண்டா?" என்று இரண்டாவது தாள் கொடுத்தேன். ஆலிமா படித்துவிட்டுச் சிரித்தார். "கெட்ட அர்த்தம் இருந்தா மாத்தலாம். கனம்லாம் மூட்டைக்குத்தான்" என்றார். வலது பக்கம் என்பதைக் கேட்டபோது கை தன்னால் என் வலது காதுக்குப் போனது. அதில் ஆறுதல் தேட நான் தயாராக இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது கிளறியதற்குக் காரணம் என் தம்பி. அவன் என் காது போன பிறகு பிறந்தவன், தென்காசியிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ஆதாரில் பேர் சரிசெய்ய என் பழைய சான்றிதழைக் கொடுத்தபோது, "லாத்தா, இது யாரு மைமூனா?" என்று கேட்டான். "நான்தான், முன்னால" என்று மட்டும் சொன்னேன். சென்ற வருடம் அவனுக்குப் பெண் பிறந்ததும் என்னைக் கேட்காமலே அந்தப் பேரை வைத்தான். எங்களிடம் பேர் வைக்கும்போது பிள்ளையை மடியில் வைத்திருப்பது மாமியின் உரிமை. இப்போது மாமி நான். மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பேரை முப்பத்தேழு வருடம் கழித்து யாரோ உரக்கச் சொல்லக் கேட்டேன்.

நாலு மாதம்தான் பொறுத்தார்கள். பிள்ளை ஓயாமல் அழுதது, பாலைக் கக்கியது. தம்பி மனைவி சிவகிரிப் பெண், என்ஜினியரிங் படித்தவள், எங்கள் மாமிபோல் சிலேட்டை நம்புகிறவள் இல்லை, போனை நம்புகிறவள். அதில் பேரைப் போட்டால் அர்த்தம் வருகிறது, அதிர்ஷ்ட எண் வருகிறது, அதிர்ஷ்ட நிறம், கல், கிழமை எல்லாம் வருகிறது, பிள்ளை மட்டும் வருவதில்லை. நடுவில் ஒரு துணிக்கடை விளம்பரமும் வருகிறது. பாரசீக மொழியில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டாம். குற்றாலத்தில் சிப்ஸ் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறுகிற விலங்கின் பேராம். நாங்கள் என்றைக்குப் பாரசீகத்தில் குடியிருந்தோம் என்று தெரியவில்லை. இதோடு, வீடியோவில் பேர் பார்க்கிற ஒருவர், பிள்ளை பிறந்த நேரத்தை வாங்கிக்கொண்டு, பேர் "ஹெவி"யாக இருக்கிறது என்று பதில் அனுப்பியிருந்தார். சிலேட்டுப் போய்ப் போன் வந்ததில் அந்த ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. இனாயா என்று மாற்ற முடிவாகி, ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள், மடியில் வைத்துக்கொள்ள.

போனேன். உட்கார்ந்தேன். பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அது கத்திக்கொண்டிருந்தது. தம்பி மனைவி போனில் அந்த மனிதரை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பிள்ளையின் இடது காதருகே கொண்டுவந்தாள்.

நான் உள்ளங்கையால் அந்தக் காதை மூடினேன்.

"மைனி, கைய எடுங்க. அவங்க லைன்ல இருக்காங்க."

"இருக்கட்டும்" என்றேன்.

"என்ன லாத்தா?" என்றான் தம்பி. அவன் மாமனார் வீட்டு ஆட்கள் எட்டு பேர் கூடத்தில் இருந்தார்கள். நாலு பேருக்கு நடுவிலேயே வாய் திறக்காதவள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்கல. லெப்ப காதுல ஊதுனாரு, காத்துதான் வந்துச்சி. கேட்டுச்சின்னு பொய்யாத் தலையாட்டுனேன். நான் தலையாட்டாம இருந்திருந்தா காது இருந்திருக்கும். பேருல ஒண்ணும் இல்லடா. காதுக்குள்ள சீழு இருந்துச்சி."

நான் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரையும் கரண்டியையும் எடுத்து, பிள்ளையின் தலைக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டினேன். உடம்பு தூக்கிப் போட்டது, அழுகை நின்றது, கண் இடது பக்கம் போனது. வலது பக்கம் தட்டினேன். கண் வலது பக்கம் வந்தது. பிறகு வீடே அதிரும்படி மறுபடி அழ ஆரம்பித்தது.

"பிள்ள பயந்துட்டா மைனி" என்றாள் தம்பி மனைவி.

"பயப்படட்டும். பயந்தா காது கேக்குன்னு அர்த்தம். ஒன் போன்ல எல்லாத்துக்கும் அர்த்தம் போட்டிருக்கே, இதுக்குப் போட்டிருக்கானா பாரு."

போனுக்குள்ளிருந்து, "ஹலோ, ஹலோ, கேக்குதாம்மா?" என்று குரல் வந்தது.

"கேக்கல" என்று சொல்லித் தம்பி அதை அணைத்தான். அன்றே பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோனான். காதிலும் குறை இல்லை, பேரிலும் குறை இல்லை, வயிற்றில் வாயு. ஒரு சொட்டு மருந்து கொடுத்தார், பால் கொடுக்கிற விதத்தை மாற்றச் சொன்னார். பத்து நாளில் அழுகை குறைந்தது. தம்பி மனைவி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை.

வாப்பா இல்லை. உம்மா இல்லை. சீசன் கடை நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. சிப்ஸ் வேறு எங்கோ ஏதோ எண்ணெயில் வெந்து, காற்றடைத்த பையில் வருகிறது, அதற்குக் காது தேவையில்லை. பட்டாளத்து அண்ணாச்சி போன செய்தி எனக்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் தந்த மங்குஸ்தானுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேர் லெப்பையும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன், மாமி நெய்ச்சோற்றைப் பங்கு வைக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் வைப்பார். அது ஒரு வரிதான் ஆகிறது.

பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். பேர் அப்படியே இருக்கிறது. ஒற்றைக் காது உள்ளவர்களுக்குச் சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. தம்பி வீட்டில் யாராவது "மைமூனா" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புகிறோம். பிள்ளை கூப்பிட்டவரைப் பார்க்கிறது. நான் எதிர்ப்பக்கம் பார்க்கிறேன்.